சிங்கப்பூருக்கு வரும் பிலிப்பைன்ஸ் சம்பந்தி வீட்டார்: விசா வேண்டாமாம், அப்புறம் எதுக்கு இத்தனை பேப்பர்?

வடுவூர்ப்பறவை
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டுப் போறவன், இன்னிக்குத்தான் முதல் இழை போடறேன். தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க.

அண்ணனும் நானும் சிங்கப்பூர்ல வேலை. அண்ணி பிலிப்பைன்ஸ், இலோய்லோ பக்கம். இங்க நர்ஸா இருக்காங்க. போன மாசம் அவங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. பேர் வைக்கிற விசேஷத்துக்கு அண்ணி வீட்ல இருந்து மூணு பேர் வர்றாங்க. அம்மா (61 வயசு, வாசல்லயே பெட்டிக்கடை), தங்கச்சி (24, நர்சிங் முடிச்சிட்டு வேலை தேடிட்டு இருக்கு), அப்புறம் அண்ணியோட மூத்த அக்கா மகன், 9 வயசுப் பொடியன். அக்கா வரலை, பையனைப் பாட்டியோட அனுப்பறாங்க.

விசா எடுக்கணுமா? அண்ணனுக்கு இப்ப செலவு ஜாஸ்தி, அதனால டிக்கெட்டை என் கார்டுல போட்டு, ஸ்பான்சர் லெட்டரும் நானே எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். வர்றதே வர்றாங்க, 29 நாள் தங்கட்டும்னு கணக்கு. சரியா?

செரங்கூன்சாமி
விசா வேண்டாம் தம்பி. பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர்ல 30 நாள் வரைக்கும் விசா இல்லாமத் தங்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லணும். ஏறுறதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூருக்குள்ள வர்றவங்க நிரப்பற படிவம், ஆன்லைன்ல போடணும். பொடியனுக்கும் தனியாப் போடணும்.

அது இலவசம். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, தேடல்ல மேல வர்ற முதல் தளத்துல போய் நானே எங்க மாமாவுக்குப் பணம் கட்டி ஏமாந்தேன். பாக்க அரசாங்கத் தளம் மாதிரியே இருந்துச்சு. ஐசிஏங்கிற சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தோட தளத்துல மட்டும் போடு.

அரைடிக்கெட்
முடிஞ்சுது கதை. இழையைப் பூட்டிடலாம். பாயசம் எங்க?

இரவுப்பணி
பூட்டாதீங்க, கதையே இனிமேத்தான்.

நான் இங்க வார்டுல பத்து வருஷமா பிலிப்பினோ நர்ஸ்களோட வேலை பாக்கறேன். அவங்க வீட்டாளுங்க வர்றாங்கன்னா இங்க சாங்கி ஏர்போர்ட்டைப் பத்தி யாரும் கவலைப்பட்டு நான் பாத்ததில்லை. ராத்திரி தூக்கம் கெடறதெல்லாம் மணிலாவுல ஏறுற இடத்தைப் பத்தித்தான். "ஆஃப்லோட் ஆயிடுவாளோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. டிக்கெட் இருக்கும், போற நாட்டுக்கு விசாவும் தேவையிருக்காது, ஆனாலும் சொந்த நாட்டு இமிகிரேஷன் அதிகாரி "இன்னிக்கு நீ போக வேண்டாம்"னு திருப்பி விட்டுடலாம்.

நம்ம ஊர்ல எமிக்ரேஷன் முத்திரை பாத்துட்டு அனுப்பிடுவாங்க. அங்க ரெண்டு கட்டம். முதல் கவுன்ட்டர்ல பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், திரும்பி வர்ற டிக்கெட். அங்க சந்தேகம் வந்துட்டா தனியாக் கூட்டிட்டுப் போய் ரெண்டாவது விசாரணை. என்ன படிச்சே, என்ன வேலை, யார் காசு, எதுக்குப் போறே, எங்க தங்கறேன்னு எல்லாம் வரும்.

உங்க லிஸ்ட்டை அந்த அதிகாரி கண்ணால பாருங்க. 24 வயசுப் பொண்ணு, வேலையில்லை, நர்சிங் படிப்பு, முதல் தடவை வெளிநாடு, 29 நாள், அக்கா அங்க நர்ஸ், டிக்கெட் போட்டது யாரோ ஒரு இந்தியர். நானே அந்த சீட்ல இருந்தாலும் கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பேன்.

வடுவூர்ப்பறவை
ஐயோ. யாரோ ஒரு இந்தியர் இல்லைங்க, மாப்பிள்ளையோட சொந்தத் தம்பி!

சட்டம்பேசி
அங்கேதான் சிக்கல். 2015-ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நீதி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் செலவை ஏற்பதாக இருந்தால், அவர் பயணிக்கு நான்காம் படிக்குள் உறவினராக இருக்க வேண்டும் என்கிறது. இரத்த உறவாகவும் இருக்கலாம், திருமண உறவாகவும் இருக்கலாம். அதற்கு ஆதரவு உறுதிமொழிப் பத்திரம், அதுவும் பிலிப்பைன்ஸ் தூதரகம் மூலம் உறுதி செய்யப்பட்டது.

படி எண்ணும் முறை எளிது. பொது மூதாதை வரை ஏறி, பிறகு இறங்க வேண்டும். அண்ணிக்கு அவர் அம்மா முதல் படி. தங்கை: அம்மாவுக்கு ஏறி ஒன்று, தங்கைக்கு இறங்கி இரண்டு. அக்கா மகன் மூன்று. உங்கள் அண்ணனும் திருமணத்தின் வழியே அதே படிகளில் வந்துவிடுகிறார்.

நீங்கள் எங்கும் வரவில்லை. திருமணம் ஒருவரை மனைவியின் இரத்த உறவுகளோடு மட்டும்தான் இணைக்கும். அவருடைய தம்பிக்கும் அவர் மாமியாருக்கும் சட்டத்தின் கண்ணில் உறவே இல்லை. சம்பந்தி என்ற சொல்லுக்கு அங்கே படி கிடையாது.

அரைடிக்கெட்
கல்யாணத்துல முதல் பந்தியில உக்கார வெச்சு வடை போட்டாங்களே, அதுக்காவது ஒரு அஞ்சாம் படி போடக்கூடாதா?

வடுவூர்ப்பறவை
சிரிப்பா இருக்கு, ஆனா வயித்தையும் கலக்குது. அப்ப அண்ணி பேர்ல பத்திரம். எங்க போகணும்?

இரவுப்பணி
நாசிம் ரோடு, பிலிப்பைன்ஸ் தூதரகம். அண்ணி நேர்லயே போகணும். கைக்குழந்தையோட அலைய முடியாதுன்னா அண்ணன் போகட்டும், அவரும் படிக்குள்ள வர்றாரே. வேலை பாஸ், சம்பள விவரம், வீட்டு முகவரி எல்லாம் எடுத்துட்டுப் போங்க. முன்பதிவு இருக்கான்னு தூதரகத் தளத்துல பாத்துக்கோங்க. அசலை மணிலாவுக்கு கூரியர்ல அனுப்பிடுங்க, போன்ல போட்டோ காட்டறதை நம்பாதீங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், பெயர். அண்ணி கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்டை மாத்திட்டாங்களா?

வடுவூர்ப்பறவை
ஆமா. கடைசிப் பெயரா எங்க அப்பா பேர் வந்திருக்கு.

இரவுப்பணி
நெனச்சேன். பிலிப்பினோ வழக்கத்துல அம்மா வீட்டுப் பேர் நடுவுல, அப்பா குடும்பப் பேர் கடைசில. கூடப்பொறந்தவங்கன்னா ரெண்டும் ஒண்ணா இருக்கும், பாத்ததுமே அதிகாரிக்குப் புரிஞ்சுடும். உங்க அண்ணி பாஸ்போர்ட்டுல ஒரு தஞ்சாவூர்த் தாத்தா பேரு நிக்குது! தங்கச்சிதான்னு எப்படித் தெரியும்? அதனால ரெண்டு பேரோட பிறப்புச் சான்றிதழும் வேணும், பிஎஸ்ஏங்கிற அவங்க புள்ளியியல் ஆணையம் குடுக்கறது. கூடவே கல்யாணச் சான்றிதழ். கல்யாணம் வெளிநாட்டுல நடந்திருந்தா தூதரகத்துல பதிஞ்சிருக்கணும், அப்பத்தான் பிஎஸ்ஏ பதிவுல ஏறும்.

29 நாளை வெட்டுங்க. பேர் வைக்கற விசேஷத்துக்கு 29 நாள்னா யாருமே நம்ப மாட்டாங்க. பத்து நாள் போதும்.

கடலோடி
தம்பி, நான் யாழ்ப்பாணம். கப்பலில பதினாறு வருசம், கூட வேலை செய்தவை பாதிப்பேர் பிலிப்பினோ. ஒரு கதை சொல்லுறன்.

எங்கட சமையல்காரன்ர தங்கச்சி ஒருக்கா பக்கத்து நாட்டுக்குச் சுற்றுலா எண்டு வெளிக்கிட்டவ. உண்மையில அங்க ஒரு கடையில வேலை கதைச்சு முடிஞ்சுது. கவுன்ட்டரில கேட்ட உடன சிநேகிதியைப் பாக்கப் போறன் எண்டிருக்கிறா. சிநேகிதிக்கு என்ன வேலை எண்டு கேக்க ஒரு பதில், எங்க சந்திச்சனீங்கள் எண்டு கேக்க இன்னொரு பதில். திருப்பி அனுப்பிப் போட்டினம். அண்ணன்காரன் ஒரு கிழமை எங்களோட சாப்பாட்டுக் கோபம், எல்லாம் உப்பு. பிறகு அவனே சொன்னான், பிழை தங்கச்சியிலதான் எண்டு.

ஆனபடியால் சொல்லிக்குடுத்துப் பொய் சொல்ல விடாதேங்கோ. பிள்ளைக்கு அங்க வேலை தேடுற எண்ணம் இருக்கோ? இருந்தா இப்பவே சொல்லும்.

வடுவூர்ப்பறவை
இல்லைங்க... அதாவது, அண்ணிக்கு மனசுல ஒரு ஓரமா இருக்கு. "வந்தப்ப ரெண்டு இடத்துல பயோடேட்டா குடுத்துப் பாக்கலாம்"னு சொன்னாங்க.

செரங்கூன்சாமி
வேண்டாம். சிங்கப்பூர் பக்கம் ஒத்துக்கிட்டாலும் அவங்க நாட்டுப் பக்கம் கழுத்தைப் பிடிக்கும். இங்க வந்த இடத்துல வேலை கெடைச்சு, கம்பெனி வேலை பாஸ் எடுத்துக் குடுத்தா சிங்கப்பூருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனா பிலிப்பைன்ஸ் கணக்குல அந்தப் பொண்ணு பதிவில்லாத தொழிலாளி. ஒரு வருஷம் கழிச்சு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும், திரும்பி ஏற வெளிநாட்டு வேலைச் சான்றிதழ் கேப்பாங்க. ஒப்பந்தத்தை அவங்க தொழிலாளர் அலுவலகம் சரிபார்க்காம அது கெடைக்காது. லீவுக்குப் போனவங்க அங்கயே மாட்டிக்கிட்டதைப் பாத்திருக்கேன்.

வேலைன்னா தனியா, முறையா, அங்கேருந்தே வரட்டும். இந்த ட்ரிப்பு குழந்தை பாக்க மட்டும்.

சட்டம்பேசி
நடைமுறை ஆலோசனை எல்லாம் சரி. ஆனால் யாருமே அடிப்படைக் கேள்வியைக் கேட்கவில்லையே. ஒரு குடிமகளுக்குத் தன் நாட்டை விட்டுப் போக ஏன் இத்தனை நிரூபணம்? அவர்கள் அரசியலமைப்பில், மூன்றாம் பகுதி ஆறாம் பிரிவில், பயண உரிமையைத் தேசப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்காக, சட்டத்தின்படி மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நடப்பதோ நெறிமுறையும் அதிகாரியின் ஊகமும்.

2022-இல் மட்டும் 32,404 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதில் ஆள் கடத்தலுக்கோ சட்டவிரோத ஆள்சேர்ப்புக்கோ ஆளானவர்கள் என்று உறுதியானது 472 பேர். நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. அந்த டிசம்பரில் இஸ்ரேல் போகவிருந்த ஒரு பெண்ணிடம் பட்டமளிப்பு ஆண்டுமலர் இருக்கிறதா என்று கேட்டு, அவர் விமானத்தையே தவறவிட்டார். 2023 மார்ச்சில் அவர் போட்ட வீடியோ பரவி, செனட் வரை போனது.

அரைடிக்கெட்
ஆண்டுமலரா? என் ஸ்கூல் குரூப் போட்டோவுல நான் கண்ணை மூடிட்டு நிக்கறேன். நான் ஜென்மத்துக்கும் ஏற முடியாது போலிருக்கே.

கடலோடி
சட்டம்பேசி, நீர் எண்ணிக்கையைச் சரியாத்தான் சொல்லுறீர். ஆனா அந்த 472 பேரையும் ஒருக்கால் யோசியும். மியன்மார் எல்லையில இருக்கிற மியாவடியில வேலை எண்டு கூட்டிக்கொண்டு போய் கம்பி வேலிக்குள்ள அடைச்சு, கம்ப்யூட்டரில காதல் பேசிக் காசு பறிக்க வைச்சாங்களே, அதில பிலிப்பினோப் பிள்ளையளும் இருந்தவை. உங்கட தமிழ்நாட்டுப் பெடியளும்தான், 2022 இல மீட்டுக்கொண்டு வந்ததை மறந்திட்டீரோ? கன பேர் சுற்றுலா எண்டு தாய்லாந்துக்கு இறங்கித்தான் எல்லை தாண்டினவை. 2003 இல ஆள் கடத்தல் தடுப்புச் சட்டம் கொண்டு வந்த பிலிப்பைன்ஸ் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க ஏலுமோ?

சட்டம்பேசி
அந்தப் பையன்களை எந்தக் கவுன்ட்டர் கேள்வி தடுத்தது? முகவர்கள் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புகிறார்கள். பொய்யைப் பயிற்சி செய்தவன் போய்விடுகிறான், உண்மையில் குழந்தை பார்க்கப் போகிறவள் தடுமாறி நிற்கிறாள். 2023 ஆகஸ்டில் இன்னும் விரிவான ஆவணப் பட்டியலோடு புது விதி அறிவித்தார்கள், செப்டம்பர் 3 முதல் என்று. எதிர்ப்பு கிளம்பியதும் அமலுக்கு வருமுன்பே நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்கே நம்பிக்கை இல்லாத முறை அது.

கடலோடி
எங்கட நாட்டிலயும் 2013 இல ஒண்டு கொண்டு வந்தவை, குடும்பப் பின்னணி அறிக்கை எண்டு. சின்னப் பிள்ளை இருக்கிற தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகேலாது. என்ன நடந்தது? பெண்டுகள் விசிட் விசாவில போய் இன்னும் மோசமா மாட்டுப்பட்டினம். 2022 இல காசுக் கஷ்டம் வர அதைத் தூக்கிப்போட்டினம். ஆக, நீர் சொல்லுறதில பாதி எனக்கும் விளங்குது. மற்றப் பாதி விளங்கேல்லை. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு, அதுவும் காரணமாயிருக்கும்.

இரவுப்பணி
நீங்க ரெண்டு பேரும் தனி இழை போட்டு சண்டை போடுங்க. பொடியனை எல்லாரும் மறந்துட்டீங்க!

18 வயசுக்குக் கீழ, அப்பா அம்மா இல்லாம வேற ஆளோட போறான்னா, பாட்டியா இருந்தாலும் சரி, சமூக நலத் துறையோட பயண அனுமதி வேணும். டிஎஸ்டபிள்யூடி கிளியரன்ஸ்னு கேட்டா அங்க எல்லாருக்கும் தெரியும். பெத்தவங்க சம்மதம் எழுத்துல, நோட்டரி முன்னாடி. இது இல்லாம பாட்டி எவ்வளவு அழுதாலும் ஏத்த மாட்டாங்க, அதுல நியாயமும் இருக்கு. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கல்யாணம் பதிவு பண்ணவங்களா?

வடுவூர்ப்பறவை
இல்லை. பையன் அம்மாவோடதான் இருக்கான்.

இரவுப்பணி
அப்ப அவங்க சட்டப்படி உரிமை அம்மாவுக்குத்தான். அம்மா கையெழுத்துப் போதும். இன்னிக்கே விண்ணப்பம் போடச் சொல்லுங்க. டிக்கெட்டை அப்புறம் போடுங்க.

செரங்கூன்சாமி
செலவுக் கணக்குல இதையும் சேத்துக்கோ. அங்க பயண வரின்னு ஒண்ணு உண்டு. எகானமிக்கு ஆளுக்கு 1,620 பெசோ, ரெண்டுலேருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் பாதி. மூணு பேருக்கு 4,050. சில ஏர்லைன் டிக்கெட்டோட வாங்கிடும், இல்லைன்னா ஏர்போர்ட்ல தனி வரிசை. மூத்த குடிமக்கள் அட்டையைக் காட்டினா அம்மாவுக்குத் தள்ளுபடி வரும்னு நினைக்காதீங்க, இந்த வரிக்கு அது செல்லாது.

கெளம்பறதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள பிலிப்பைன்ஸ் அரசோட ஈ-ட்ராவல் தளத்துல பதிவு, அதுவும் இலவசம். கியூஆர் வரும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கச் சொல்லு, ஏர்போர்ட் வைஃபையை நம்பி நிக்க வேண்டாம்.

வடுவூர்ப்பறவை
எல்லாருக்கும் கோடி நன்றி. அண்ணிகிட்ட முழு இழையையும் படிச்சுக் காட்டினேன். சம்பந்திக்குப் படி கிடையாதுங்கறதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பயோடேட்டா யோசனையை விட்டுட்டாங்க. பதினோரு நாள். பத்திரம் அண்ணன் பேர்ல. டிக்கெட் அண்ணன் கார்டு, நான் அவருக்குப் பணமாக் குடுத்துட்டேன். பொடியன் அனுமதி வந்ததும் சொல்றேன்.

அரைடிக்கெட்
ஐந்து வாரமா சத்தமே இல்லை. என்னய்யா ஆச்சு? பாயசம் திரிஞ்சு போச்சா?

வடுவூர்ப்பறவை
மன்னிக்கணும், வீடு முழுக்க ஆளு. வந்துட்டாங்க! மூணு பேரும்!

நடந்ததைச் சொல்றேன். பாட்டியும் பொடியனும் முதல் கவுன்ட்டர்லயே போயிட்டாங்க, பயண அனுமதியை ரெண்டு தடவை புரட்டிப் பாத்தாங்களாம், அவ்வளவுதான். தங்கச்சியை மட்டும் ரெண்டாவது விசாரணைக்கு அனுப்பிட்டாங்க. அதிகாரி ஒரு அம்மா, மரியாதையாத்தான் பேசினாங்களாம்.

"எதுக்குப் போறே?"
"அக்கா குழந்தைக்குப் பேர் வைக்கறாங்க."
"குழந்தை பேர் என்ன?"
"தெரியாது."
"சொந்த அக்கா குழந்தை, பேர் தெரியாதா?"
"இன்னும் வைக்கலை மேடம். அதுக்குத்தான் போறேன்."

அந்த அம்மா ஒரு நிமிஷம் முறைச்சுப் பாத்தாங்களாம். அவங்க ஊர்ல பொறந்த உடனே சான்றிதழ்ல பேர் ஏறிடும், ஞானஸ்நானம் அப்புறம். இங்கயும் பதிவுல பேர் குடுத்தாச்சு, ஆனா எங்க அம்மா "விசேஷத்தன்னிக்குக் காதுல சொல்ற வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாது"ன்னு அண்ணியையும் வாயைக் கட்டி வெச்சிருந்தாங்க! இந்தக் கோணத்தை நாம யாருமே யோசிக்கலை. தங்கச்சி போன்ல இருந்த அழைப்பிதழைக் காட்டியிருக்கு. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், மேல பிள்ளையார். அப்புறம் பிறப்புச் சான்றிதழ் ரெண்டையும் வெச்சு அம்மா பேர் ஒண்ணான்னு பாத்து, பத்திரத்தைப் பாத்து, "நர்சிங் படிச்சிருக்கியே, அங்க வேலை தேடப் போறியா"ன்னு நேராவே கேட்டாங்களாம். "ஆசை இருக்கு மேடம், ஆனா முறையா விண்ணப்பிச்சு வேற தடவை போவேன், இப்ப பதினோரு நாள்தான்"னு சொல்லியிருக்கு. முத்திரை குத்திட்டாங்க. இருபத்தஞ்சு நிமிஷம். சாங்கியில மூணு பேருக்கும் சேத்து அஞ்சு நிமிஷம் கூட ஆகலை.

கடலோடி
ஆசை இருக்கு எண்டு சொன்னது கெட்டிக்காரி. இல்லை எண்டு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டா.

சட்டம்பேசி
வாழ்த்துகள். ஆனாலும் குழந்தைக்குப் பேர் வைக்கும் வழக்கத்தை ஒரு அதிகாரிக்கு விளக்கித்தான் சொந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்பதை நான் பதிவு செய்துகொள்கிறேன்.

வடுவூர்ப்பறவை
பதிவாச்சு சார். இப்ப புதுக் கேள்வி. சனிக்கிழமை எல்லாரையும் ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். ஏதாவது வேணுமா?

ஜொகூர்க்காரன்
வாங்க வாங்க. பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவும் 30 நாள் விசா இல்லாம விடும். ஆனா மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு போட்டே ஆகணும், 2024 ஜனவரியிலேருந்து கட்டாயம், வர்றதுக்கு மூணு நாளைக்குள்ள. காசு கிடையாது. தரை வழியா பஸ்ல வந்தாலும் வேணும், நிறைய பேர் பிளேனுக்கு மட்டும்னு நினைச்சுட்டு பாலத்துல நின்னு போனை நோண்டிக்கிட்டு இருப்பாங்க.

திரும்பிப் போறப்ப சிங்கப்பூர் கார்டையும் அவங்க புதுசாப் போடணும். முதல்ல போட்டது செல்லாது. பொடியனோட பயண அனுமதிப் பேப்பரையும் கையில வெச்சுக்குங்க, எதுக்கும் இருக்கட்டும். அப்புறம் சனிக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கெளம்பினா பாலத்துலயே மதியச் சாப்பாடு. ஆறுக்கு முன்னாடி வந்துடுங்க, இங்க வந்து ரொட்டி சானாய் சாப்பிடலாம்.

வடுவூர்ப்பறவை
பாட்டிதான் கேக்கறாங்க: எங்க அம்மாவை இலோய்லோவுக்கு வரச் சொல்றாங்க, பையன் பிறந்தநாளுக்கு. எங்க அம்மா இந்தியன் பாஸ்போர்ட், பத்தாவது படிக்கலை, அதனால ஈசிஆர், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் அனுமதி வேணுங்கற வகை.

செரங்கூன்சாமி
2025 நடுவுலேருந்து இந்தியர்களுக்கு சுற்றுலான்னா பிலிப்பைன்ஸ்ல 14 நாள் விசா வேண்டாம். நீட்டிக்க முடியாது. திரும்பி வர்ற டிக்கெட், தங்கற இடம், செலவுக்குப் பணம் காட்டணும். ஈசிஆர்ல அனுமதி கேக்கற பதினெட்டு நாட்டுப் பட்டியல்ல பிலிப்பைன்ஸ் கிடையாது, அதுவும் வேலைக்குப் போறவங்களுக்குத்தான்.

அரைடிக்கெட்
அம்மாவை யார் ஸ்பான்சர் பண்றது? பாட்டியா? எத்தனாவது படி?

சட்டம்பேசி
கேட்காதீர்கள்.